கெஸ்ட்ஹவுஸுக்கு ஏஐ வாங்கலாமா? உப்புவெளி வாசகிக்குப் பதில்

கேள்வி: தம்பி, திருகோணமலை உப்புவெளியில் 9 அறை உள்ள ஒரு கெஸ்ட்ஹவுஸ் நடத்துகிறேன். சீசனில் அண்ணன் மகன் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் படகு விடுகிறான். போன மாதம் கொழும்பில் இருந்து ஒரு ஏஜென்ட் வந்து ஏஐ பாக்கேஜ் என்று ஒன்றைக் காட்டினார். வட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்கு இரவு பகலாகத் தானே பதில் சொல்லுமாம், அறை விலையைத் தானே கூட்டிக் குறைக்குமாம், எந்த மாதம் எத்தனை பேர் வருவார்கள் என்றும் முன்கூட்டியே சொல்லுமாம். தொடக்கத்துக்கு 150,000 ரூபாய், பிறகு மாதம் 35,000. கொழும்பில் படிக்கும் மகன், "எடுங்கோ அம்மா, இல்லாட்டி நாங்கள் பின்னுக்குப் போயிடுவம்" என்கிறான். எனக்கு இந்த ஏஐ என்றால் என்னவென்றே விளங்கவில்லை. வரவேற்பில் பல வருடமாக நிற்கும் பிள்ளையை நிற்பாட்ட வேண்டி வருமோ என்றும் யோசனையாக இருக்கிறது. வாங்கவா, விடவா?

பதில்:

அக்கா, முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாக்கேஜை இப்போதைக்கு வாங்காதீர்கள். அதற்காக ஏஐ உங்களுக்கு உதவாது என்று நினைக்கவும் வேண்டாம். உதவும், இந்தக் கிழமையே உதவும், அதற்குக் கையில் இருக்கிற போன் போதும்.

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை விற்க வருகிற பலருக்கும் விளங்காது, ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. வழக்கமான கணினி நிரலில் ஒரு ஆள் இருந்து விதியை எழுதிக் கொடுப்பார்: பகல் 12 மணிக்குப் பிறகும் அறையில் இருந்தால் அரை நாள் காசைச் சேர். கணினி அதை அப்படியே செய்யும், ஒருநாளும் மாற்றிச் செய்யாது. சில வேலைகளுக்கு இப்படி விதி எழுத முடியாது. கோபத்தில் எழுதிய ரிவியூவையும் பகிடிக்கு எழுதிய ரிவியூவையும் பிரித்துக் காட்ட ஒரு விதி எழுதுங்கள் பார்ப்போம். அந்த மாதிரி இடங்களில் இலட்சக்கணக்கில் உதாரணங்களைக் கொட்டி, அவற்றுக்குள் இருக்கிற ஒழுங்கை இயந்திரமே பிடித்துக்கொள்ள விடுகிறார்கள். இன்றைக்கு ஏஐ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான். பெயர் புதிதில்லை, 1956இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடந்த கோடைகாலக் கூட்டத்துக்காக அதற்கு முந்தின வருடம் எழுதிய விண்ணப்பத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. பாவனையும் உங்களுக்குப் புதிதில்லை. ஜெர்மன்காரர் எழுதிய ரிவியூவைக் கூகிள் மொழிபெயர்த்துத் தருகிறதே, விருந்தினரின் வங்கி அட்டை சில வேளை சந்தேகத்தில் மறிக்கப்படுகிறதே, அதற்கெல்லாம் பின்னால் இருப்பது இதே சாமான்தான். யாரும் வந்து ஏஐ என்று சொல்லிக் காசு கேட்காததால் தெரியாமல் போயிற்று.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி என்ற, கேட்டதற்கு எழுதிப் பதில் தரும் செயலி வந்த பிறகுதான் எல்லோருடைய வாயிலும் இந்தப் பெயர் வந்தது. அது எழுதும் விதத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்ட் காட்டியதும் அனேகமாக அந்த வகைதான். இணையத்திலும் புத்தகங்களிலும் இருந்து அளவில்லாமல் எழுத்தை வாசித்து, இந்த இடத்தில் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று ஊகித்து ஊகித்து வசனத்தைக் கட்டுகிறது. அதனால்தான் அவ்வளவு சரளமாக எழுதுகிறது. அதனால்தான் பிழையையும் அதே சரளத்தோடு எழுதுகிறது. தெரியாத இடத்தில் தடுமாறுகிற மனுஷனை முகத்தைப் பார்த்தே பிடிக்கலாம், இதில் அந்தத் தடுமாற்றம் தெரியாது.

இது உங்கள் தொழிலில் எப்படி அடிக்கும் என்று ஒரு உதாரணம். இலங்கையில் திமிங்கிலம் பார்ப்பது பற்றி இணையத்தில் இருப்பதில் பெரும்பாலானவை தெற்கே மிரிஸ்ஸவைப் பற்றியவை. அங்கே சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. எங்கள் கிழக்குக் கரைக்கு அதில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவமழைக் காலம், கடல் கலங்கி நிற்கும், திமிங்கிலத்துக்கு ஆட்கள் மே மாதத்தை ஒட்டித்தான் வரத் தொடங்குவார்கள். "இலங்கைக்கு வர நல்ல மாதம் எது" என்று கேட்டாலும் டிசெம்பர் முதல் மார்ச் வரை என்கிற பதில்தான் இணையம் முழுக்கக் கிடக்கிறது, அது தென்மேற்குக் கரைக்குச் சொன்னது. இப்போது யோசித்துப் பாருங்கள், இரவு 2 மணிக்கு ஒரு பிரெஞ்சுக்காரி உங்கள் வட்ஸ்அப்பில் "டிசெம்பரில் வந்தால் திமிங்கிலம் பார்க்கலாமா" என்று கேட்கிறாள், நீங்கள் நித்திரை, மாதம் 35,000 வாங்குகிற பொட், அதாவது தானே பதில் எழுதும் அந்த நிரல், "தாராளமாக, அதுதான் மிகச் சிறந்த காலம்" என்று அழகான பிரெஞ்சில் எழுதிவிடுகிறது. அவள் மூன்று இரவுக்கு அட்வான்ஸும் கட்டிவிட்டு வந்து மழைக்குள் நிற்கிறாள். பிறகு வருகிற ரிவியூ பொட்டின் பெயரில் வராது.

பொட் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை என்று தப்பவும் முடியாது. எயர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பொட், உறவினர் ஒருவர் இறந்ததால் பயணம் செய்த ஒருவரிடம், கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று சொல்லிவிட்டது. கம்பனியின் விதி அப்படி இல்லை. விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பொட் தனியான ஒன்று, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரிக் கம்பனி வாதாடியதைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை, 2024 பெப்ரவரியில் பயணிக்குக் காசைக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கனடாவின் தீர்ப்பு எங்களைக் கட்டாதுதான், ஆனால் உங்கள் பெயர்ப்பலகையின் கீழே இருந்து போன பதிலை விருந்தினர் உங்கள் பதிலாகத்தான் எடுப்பார், அதில் எந்த ஊரிலும் மாற்றமில்லை.

சரி, அறை விலையைத் தானே கூட்டிக் குறைக்கும் என்ற கதைக்கு வருவோம். விமானக் கம்பனிகளும் பெரிய ஹோட்டல்களும் ஏஐ என்ற பேச்செல்லாம் வர முன்னரே கணினி வைத்து இதைச் செய்து வந்தவைதான், அவர்களுக்கு அது பலன் தருகிறது. அவர்களிடம் நூற்றுக்கணக்கான அறைகளும் வருடக்கணக்கான கணக்கும் இருக்கின்றன. உங்களிடம் 9 அறை. அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் ஊரின் வருடங்களே. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுகள், சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து. 2020இல் கொரோனா. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைக்குத் தவிர எரிபொருளே இல்லை என்று நிறுத்தினார்கள், கொழும்பில் இருந்து யார் கார் எடுத்து வருவது? இந்த வருடங்களையும் சேர்த்து ஒரு இயந்திரத்துக்குப் படிப்பித்தால், ஜூலை மாதம் திருகோணமலையில் ஆட்களே வராத மாதம் என்று அது படித்துவிடும். அவற்றை வெட்டி எறிந்தால் மிச்சம் இருக்கிற வருடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அதிலும் உங்கள் கணக்கு ரெஜிஸ்டர் கொப்பியில் பாதியும் புக்கிங் தளத்தில் பாதியுமாக இருக்கும், சரிதானே? எதிர்காலத்தை இந்தச் சாமான் பழைய ஒழுங்கை வைத்துத்தான் சொல்லும், ஒழுங்கே இல்லாத இடத்தில் அது சொல்வதும் ஊகம், நீங்கள் சொல்வதும் ஊகம், உங்களுடையது இலவசம். அமெரிக்காவில் சில்லோ என்ற பெரிய வீட்டு விற்பனைத் தளம், தன்னிடம் மலைபோலத் தரவு இருந்தும், கணினி சொன்ன விலையை நம்பி வீடுகளை வாங்கித் தள்ளி நட்டப்பட்டு, 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது.

இனிக் காசுக் கணக்கு. நான் தொகைகளை ஊகித்துப் போடுகிறேன், உங்கள் கொப்பியைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வருடச் செலவு 150,000, அதோடு 12 மாதத்துக்கு 420,000, மொத்தம் 570,000. இந்தக் காசை எப்படி மீட்பது? பொட் உடனே பதில் சொல்வதால், புக்கிங் தளம் வழியாக வரக்கூடியவர்கள் நேரே உங்களிடம் புக் செய்தால் கொமிஷன் மிச்சம். ஒரு இரவுக்கு 12,000, மூன்று இரவு, 36,000, கொமிஷன் 15 வீதம் என்றால் ஒரு புக்கிங்கில் 5,400 மிச்சம். 570,000ஐ அதால் பிரித்தால் 106 புக்கிங். மே முதல் செப்டெம்பர் வரை 9 அறையும் 60 வீதம் நிரம்பினால் ஏறக்குறைய 275 புக்கிங் வரும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, பொட் இருந்த ஒரே காரணத்தால் தளத்தை விட்டு உங்களிடம் நேரே வந்திருக்க வேண்டும், அப்போதுதான் போட்ட காசு மட்டும் திரும்பும், இலாபம் அதற்குப் பிறகுதான். எனக்கு நம்பிக்கை இல்லை. அதோடு நவம்பரில் அறை எல்லாம் பூட்டிக் கிடக்கும்போதும் 35,000 போய்க்கொண்டே இருக்கும். கொழும்பில் வருடம் முழுக்க ஓடுகிற ஹோட்டலை மனதில் வைத்துப் போட்ட கட்டணம் அது.

அப்ப என்ன செய்யலாம்? நான் சொல்கிற அளவுகோல் ஒன்றுதான்: அது தருகிற பதிலை வெளியே போக முன் நீங்களோ அந்தப் பிள்ளையோ ஒரு நிமிடத்தில் சரிபார்க்க முடியும் என்றால் பாவியுங்கள், முடியாது என்றால் விடுங்கள்.

முதல் வேலைக்கு ஏஐயே தேவையில்லை. ஒரு பக்கத்தில் உங்கள் இடத்தைப் பற்றிய உண்மைகளை எழுதுங்கள். அறைக்கு வரும் நேரம், விடும் நேரம், விலை, காலைச் சாப்பாடு உண்டா, அட்வான்ஸ் திருப்பித் தருவது எப்படி, கோணேஸ்வரத்துக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எவ்வளவு தூரம், ஓட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள், திமிங்கிலம் எந்த மாதங்களில், புறாத்தீவுக்குப் படகு எந்த மாதங்களில் ஓடாது. விருந்தினர் கேட்கிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பக்கத்துக்குள் அடங்கும். பிறகு சாட்ஜிபிடியையோ கூகிளின் ஜெமினியையோ திறந்து, இந்தப் பக்கத்தை ஒட்டி, "இதில் இருப்பதை வைத்து மட்டும் பதில் எழுது, இதில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்" என்று சொல்லிவிட்டு, விருந்தினரின் கேள்வியைப் போடுங்கள். ஜெர்மனோ ரஷ்யனோ, அவர் எழுதிய மொழியிலேயே பதில் வரும். ஜெர்மனில் வந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்பீர்கள்: அதையே எடுத்து வேறொரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பாருங்கள், முக்கியமாகத் திகதியையும் காசையும். இப்படிச் செய்தால் கற்பனை குறையும், முழுதாக நிற்காது, ஆகவே அனுப்புகிற பொத்தான் மனுஷர் கையிலேயே இருக்கட்டும். தமிழில் எழுதச் சொன்னால் கொஞ்சம் புத்தகத் தமிழாகவும் சென்னைப் பக்கமாகவும் வரும், உள்ளூர் ஆட்களுக்கு நீங்களே எழுதுங்கள், அதுதான் வேகம்.

இரண்டாவது, எனக்கு இதில்தான் கூடுதல் ஆர்வம், ரிவியூக்கள். கடந்த இரண்டு மூன்று சீசனில் எல்லாத் தளத்திலும் உங்களைப் பற்றி எழுதியதை மொத்தமாக எடுத்து ஒட்டி, எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது, எந்த அறையில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். ஐந்து மொழியில் சிதறிக் கிடக்கிற முறைப்பாடுகளை ஒரே பார்வையில் யாரும் பார்ப்பதில்லை, ஒவ்வொன்றாக வாசித்து ஒவ்வொன்றாகக் கோபப்படுவதுதான் எங்கள் வழக்கம். கடைசி இரண்டு அறைகளுக்கு வைஃபை எட்டவில்லை என்று ஐந்தாறு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால், 35,000ஐ ஒரே ஒரு மாதம் மட்டும் செலவழித்து நல்ல ரவுட்டர் வாங்கிப் போடலாம், அது எந்தப் பொட்டையும்விடப் புக்கிங் கொண்டு வரும். ஒரு எச்சரிக்கை: இது எண்ணுவதில் கெட்டி இல்லை. 11 பேர் என்று சொன்னால், அந்த 11 வசனங்களையும் எடுத்துக் காட்டச் சொல்லி நீங்கள் எண்ணுங்கள்.

சந்தைச் சிட்டை, எரிபொருள் பில், மரக்கறி பில் எல்லாவற்றையும் படமெடுத்து அட்டவணையாக்கித் தரச் சொல்லலாம். அச்சடித்த பில் நன்றாக வரும். மீன்காரர் கையால் எழுதிய துண்டு சில வேளை சரியாக வராது, 1,800 என்பது 1,300 ஆகியும் வரலாம், கூட்டுத்தொகையை ஒத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. கெஸ்ட்ஹவுஸ் என்றால் பாஸ்போர்ட் பிரதி எடுப்பீர்கள், அதன் படம் வரவேற்பில் இருக்கும் போனிலும் கிடக்கும். அந்தப் படத்தை, அதில் இருக்கிற பெயரை எழுதித் தா என்று கூட, இந்த இலவசச் செயலிகளில் ஏற்றாதீர்கள், ஏற்றியது எங்கே போய் எவ்வளவு காலம் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. 2023இல் சாம்சங் தன் ஊழியர்கள் கம்பனியின் உள்ளக நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிய வந்து, அந்த வகைக் கருவிகளையே வேலையில் பாவிக்கத் தடை போட்டது. எங்களுக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது இருக்கட்டும், யாரோ நம்பித் தந்த பாஸ்போர்ட் அல்லவா. அதேபோல அண்ணன் மகன், நாளைக்குக் கடல் எப்படி, படகை இறக்கலாமா என்று இதனிடம் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் இருக்கிறது, கரையில் நிற்கிற பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.

வரவேற்பில் இருக்கிற பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏஐ யாருடைய வேலையையும் எடுக்காது என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்லும் பெரிய கோல் சென்டர்களில் ஆட்கள் குறைவார்கள், மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவர்களுக்கும் வேலை குறையும், குறையத் தொடங்கியும் இருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை மெசேஜுக்கு மட்டுமா பதில் சொல்கிறாள்? குழந்தைக்குக் காய்ச்சல் என்று இரவில் கதவைத் தட்டினால் எந்த டொக்டரிடம் அனுப்புவது, தண்ணீர் மோட்டார் நின்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த ஓட்டோக்காரர் கூடக் கேட்பார், இதெல்லாம் அவள் தலையில் இருக்கிறது. அவளை நிற்பாட்டி 35,000ஐ ஏஜென்டுக்குக் கொடுத்தால் பகலில் கதவைத் திறக்க வேறொரு ஆளுக்கும் சம்பளம் கொடுப்பீர்கள். நான் மேலே சொன்ன வேலைகளை அவளையே பழகச் சொல்லுங்கள், இலவசப் பதிப்பில் தொடங்கினால் போதும், அது போதாமல் போனால் மாதம் 20 டொலர், ஆறாயிரம் ரூபாய் அளவில், சீசனில் மட்டும் கட்டிவிட்டு மழை தொடங்கியதும் நிற்பாட்டலாம். பழகிவிட்டால் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், பக்கத்து ஹோட்டல்காரன் கேட்க முதல்.

ஏஜென்ட் திரும்ப வருவார், சீசனுக்கு முன் கட்டாயம் வருவார். அப்போது அவரைத் துரத்தத் தேவையில்லை. முன்னால் இருத்தி, அவருடைய பொட்டிடம் உங்கள் போனில் இருந்தே டிசெம்பரில் திமிங்கிலம் பார்க்கலாமா என்று கேளுங்கள், பிறகு இரண்டு இரவுக் காசைத் திருப்பித் தருவீர்களா என்று கேளுங்கள், பிறகு தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கில எழுத்தில் கலந்து எழுதிக் கேளுங்கள், எங்கள் ஆட்கள் அப்படித்தானே மெசேஜ் போடுவார்கள். தெரியாத கேள்வி வந்தால் நிறுத்திவிட்டு மனுஷரிடம் கொடுக்குமா? சீசன் இல்லாத மாதங்களில் கட்டணம் இல்லாமல் நிறுத்தி வைக்கலாமா? விட்டு விலகினால் விருந்தினரின் இலக்கங்களும் பழைய உரையாடல்களும் யாருடைய கையில் இருக்கும்? அது பிழையாகச் சொல்லி நீங்கள் காசு திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அவர்கள் பங்கு என்ன? பதிலை வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் தந்து, சீசனுக்கு மட்டும் காசு வாங்கச் சம்மதித்தால், ஒரு சீசன் பார்ப்பதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை. கையெழுத்துப் போட முன் ஒப்பந்தத்தின் படத்தை எனக்கு அனுப்புங்கள்.

மகனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது அந்த ரெஜிஸ்டர் கொப்பிகளை எடுத்து, எந்தத் திகதியில் எத்தனை அறை, எந்த நாட்டவர், எந்த வழியாக வந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள், 2019ஐயும் 2020ஐயும் 2022ஐயும் தனியாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால், விலை சொல்லும் மென்பொருள் பற்றி இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் பேசலாம். அவன் உங்கள் அறைப் படங்களை ஏஐயால் மெருகேற்றிப் போடலாம் என்றும் சொல்லக்கூடும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டட்டும், அதற்கு மேல் வேண்டாம், யன்னலுக்கு வெளியே இல்லாத கடலை அது வரைந்து வைத்தால் வந்து இறங்குகிற ஆள் பெட்டியைத் திறக்க முதல் போனைத் திறப்பார்.